சவாரிக் குதிரையின் நடைக் கோளாறு: அடையாளம் தெரியும் இடமும் நோவு இருக்கும் இடமும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக் கொள்கிறேன். ஒன்பது வயதுச் சவாரிக் குதிரை. மூன்று மாதங்களாக இடக்கைப்புறக் கேன்டருக்கு, அதாவது இடது முன்கால் கடைசியில் நீளும் மூன்று தாள ஓட்டத்துக்கு, போக மறுக்கிறது, வற்புறுத்தினால் தவறான காலில் தொடங்குகிறது. முன்கால்கள் அவ்வப்போது இடறுகின்றன. சேணம் எப்போதும் வலப்பக்கமாகச் சரிகிறது. சவாரியின்போது காதுகள் பெரும்பாலும் பின்னுக்கு மடங்கியே இருக்கின்றன. லாடம் அடிப்பவர் வலது முன்னங்குளம்பில் குறை இருக்கிறது என்கிறார். சேணம் பொருத்துபவர் சேணமே காரணம் என்கிறார். பயிற்சியாளர் அது வெறும் பிடிவாதம் என்கிறார். முதுகை எக்ஸ்ரே எடுத்த மருத்துவர் முள்ளெலும்பு நீட்சிகள் ஒன்றையொன்று நெருங்கியிருப்பதாகச் சொல்லி முதுகில் ஊசி போட்டார், மூன்று வாரம் தெளிந்திருந்த குதிரை பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. நால்வரில் யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

நால்வரும் தத்தம் கைக்கு எட்டிய இடத்தில் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்கள், அவற்றில் பொய் எதுவும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் நோவு எந்தக் காலில், அந்தக் காலின் எந்த மட்டத்தில் தொடங்குகிறது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. நான்கு காலில் நடக்கும் விலங்கு ஒரு காலின் சுமையைக் குறைக்க வேண்டுமானால் மற்ற மூன்றுக்கும் முதுகுக்கும் கழுத்துக்கும் அதைப் பங்கிட்டே ஆக வேண்டும். ஆகையால் கோளாறு கண்ணுக்குத் தெரியும் இடமும் நோவு இருக்கும் இடமும் பல நேரங்களில் வேறு வேறாக இருக்கும். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், அதில் மூன்று அடையாளங்கள் வலது பின்னங்காலைச் சுட்டுகின்றன. இது ஊகம்தான், ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

குதிரையின் நடைகளை ஐங்கதி என்று நிகண்டுகள் பிரித்தன. நொண்டலைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் ட்ராட் எனப்படும் இரண்டு தாள ஓட்டம் ஒன்றே போதும். அதில் எதிரெதிர் மூலைக் கால்கள், அதாவது இடது முன்காலும் வலது பின்காலும் சேர்ந்து ஒரு முறை, வலது முன்காலும் இடது பின்காலும் சேர்ந்து மறுமுறை என்று தரையை மிதிக்கின்றன. இரண்டு பாதியும் ஒன்றுபோல இருக்க வேண்டிய நடை என்பதால் சிறிய ஏற்றத்தாழ்வும் அதில் வெளிப்படும். முன்காலில் நோவிருந்தால், அந்தக் கால் மிதிபடும்போது குதிரை தலையை மேலே தூக்கும், நல்ல கால் மிதிபடும்போது தலை தாழும். இந்த அளவு குதிரைக்காரர்கள் பலருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது இதன் மறுபக்கம். வலது பின்காலில் நோவுள்ள குதிரை, அந்தக் கால் தரையில் இருக்கும் கணத்தில் உடற்பாரத்தை முன்பக்கம் தள்ளுவதற்காகத் தலையைத் தாழ்த்தும். அதே கணத்தில் தரையில் இருப்பது இடது முன்கால். எனவே இடது முன்காலில் தலை தாழ்கிறது, வலது முன்காலில் உயர்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அது வலது முன்கால் நொண்டலாகவே படும். உங்கள் லாடக்காரர் வலது முன்காலைக் காட்டியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து நொண்டுவது போலத் தெரிந்தால் பின்காலையும், எதிர்மூலைக் கால்கள் இரண்டும் நொண்டுவது போலத் தெரிந்தால் முன்காலையும் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது பரிசோதிப்பவர்கள் பின்பற்றும் ஒரு வழிகாட்டி.

அடுத்தது கேன்டர். இடக்கைப்புறக் கேன்டரில் முதல் தாளம் வலது பின்காலுடையது. அந்தக் கணத்தில் குதிரையின் உடலையும் ஏறியிருப்பவரையும் அந்த ஒற்றைக் கால்தான் தாங்கி உந்துகிறது. அதன் பின்னரே இடது பின்காலும் வலது முன்காலும் சேர்ந்து மிதிக்க, கடைசியில் இடது முன்கால் நீள்கிறது. முதல் அடியை வைக்கும் கால் நொந்தால் அந்த அடியையே குதிரை தவிர்க்கப் பார்க்கும். இது உறுதியான சாட்சியம் அன்று. இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டில் நோவு இருந்தாலும், மற்றப் பின்கால் நொந்தாலும்கூடக் கேன்டர் கெடும். ஆனால் சேணத்தின் சரிவோடு சேர்த்துப் பார்க்கும்போது அதற்கு எடை கூடுகிறது. சேணம் விடாமல் ஒரே பக்கம் சரிவதற்குச் சேணத்தின் குறையோ ஏறுபவரின் கோணலோ மட்டும் காரணமாக இருப்பதில்லை என்பதும், பின்கால் நொண்டல் அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பதும், சரிவு பெரும்பாலும் நொண்டும் காலின் பக்கமாகவே இருக்கும் என்பதும் ஆய்வுகளில் தெரியவந்தவை. மரத்துப்போக வைக்கும் ஊசியால் அந்தக் காலின் நோவை நீக்கியதும் அதே சேணம் அதே குதிரைமேல் நேராக நின்றதையும் கண்டிருக்கிறார்கள். புதிய சேணத்துக்குச் செலவழிக்கும் முன் இதை யோசியுங்கள்.

இதை நீங்களே ஓரளவு சோதிக்கலாம். கெட்டியான, சமமான தரையில் வேறொருவர் தளர்வான கயிற்றில் குதிரையை நேர்கோட்டில் ட்ராட்டில் ஓட்டிச் செல்ல, நீங்கள் பின்னாலிருந்து கைபேசியில் மெது இயக்கப் பதிவு எடுங்கள். இரண்டு இடுப்பெலும்பு முனைகளிலும் வெள்ளை நாடாத் துண்டு ஒன்றை ஒட்டிக்கொண்டால் ஒப்பிடுவது எளிது. நோவுள்ள பக்கத்து முனை மற்றதைவிட அதிகமாக மேலும் கீழும் அசையும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் தலையசைவு மறைந்துவிடும் என்பதால் ஓட்டிச் செல்பவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏறி ஓட்டிய காலத்துப் பதிவு உங்களிடம் இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். ட்ராட்டில் எழுந்து அமரும்போது, நீங்கள் அமரும் கணத்தில் தரையில் இருக்கும் மூலைக் கால்களுக்குக் கூடுதல் பாரம் விழுகிறது. இடது முன்காலும் வலது பின்காலும் தரையில் இருக்கையில் அமர்ந்தபோது நடை மோசமாகவும், மாற்றி அமர்ந்தபோது சற்றுச் சீராகவும் இருந்தால், வலது பின்கால்மீதுள்ள சந்தேகம் வலுக்கிறது.

பிடிவாதம் என்ற தீர்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தைச் சேர்ந்த குதிரை மருத்துவர் சூ டைசனும் உடனிருந்தோரும், ஏறி ஓட்டும்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டு, அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் உடல் நோவு இருக்க வாய்ப்பு மிகுதி என்று 2018இல் வெளியிட்டார்கள். காதுகளை ஐந்து விநாடிக்கும் மேலாகப் பின்னுக்கு வைத்திருத்தல், வாயைத் திரும்பத் திரும்பத் திறத்தல், வாலைச் சுழற்றியடித்தல், கேன்டரில் தவறான காலில் தொடங்குதல், இடறுதல், முன்னே போகத் தயங்குதல் எல்லாம் அதில் உண்டு. நீங்கள் எழுதியவற்றிலேயே மூன்று அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எட்டுக்குக் குறைந்தால் நோவே இல்லை என்று அது சொல்லவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு பக்கக் கேன்டரை மட்டும், அதுவும் மூன்று மாதத்துக்கு முன் வரை ஒழுங்காகச் செய்துவந்ததை, ஒரு குதிரை திடீரென மறுக்கும்போது அதைக் குணக்கேடு என்று சொல்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. பயிற்சிக் குறை இருக்கலாம், ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும்.

முதுகு எக்ஸ்ரேயைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலர் வழி தவறுவது இங்கேதான். குதிரைக்கு மார்புப்பகுதி முள்ளெலும்புகள் 18. அவற்றின் மேல்நோக்கிய நீட்சிகள் சேணத்துக்கு அடியில்தான் ஒன்றையொன்று அதிகம் நெருங்குகின்றன. நெருங்கியோ உரசியோ இருக்கும் நீட்சிகள் உண்மையிலேயே கடும் நோவு தரலாம். ஆனால் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும் குதிரைகள் பலவற்றிலும் அதே தோற்றம் உண்டு. படம் எலும்பின் வடிவத்தைக் காட்டும். அங்கே நோகிறதா என்பதைக் காட்டாது. மேலும், பின்காலைக் காப்பாற்றுவதற்காக மாதக்கணக்கில் முதுகை விறைத்து ஓடும் குதிரைக்கு முதுகுத் தசை நோவது இயல்பு. ஊசி போட்டதும் மூன்று வாரம் தெளிந்ததை இதோடு பொருத்திப் பாருங்கள்: இரண்டாம் நிலை நோவு தணிந்தது, மூல நோவு அப்படியே இருந்தது, மீண்டும் சவாரி தொடங்கியதும் முதுகு பழையபடி விறைத்தது. ஊசி போட்ட நாட்களில் குதிரைக்கு ஓய்வும் கொடுத்திருப்பீர்கள் என்பதால், தெளிவு ஊசியால் வந்ததா ஓய்வால் வந்ததா என்றும் இப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை.

ஆகவே படமெடுக்கும் முன் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். குதிரைகளின் கால் நோயில் தேர்ந்த மருத்துவர் ஒருவர் செய்யும் பரிசோதனை அரை நாள் பிடிக்கும், சில நேரம் இரண்டு நாளும் ஆகும். பத்து நிமிடத்தில் முடிந்தால் அது பரிசோதனை அன்று. முதலில் குதிரையை நிற்கவைத்துத் தசைகளின் சமச்சீரைப் பார்ப்பார், ஒவ்வொரு காலையும் தடவி வீக்கமும் சூடும் தேடுவார், குளம்புக்கு மேலே ஓடும் நாடியின் துடிப்பைக் கவனிப்பார், குளம்பை இடுக்கியால் அழுத்திப் பார்ப்பார். குளம்புச் சீழ் போன்ற எளிய காரணங்கள் இந்தக் கட்டத்திலேயே பிடிபட்டுவிடும்.

பிறகு நடையிலும் ட்ராட்டிலும் நேர்கோட்டில் ஓட்டம். அதன் பின் நீள்கயிற்றில் இரு பக்கமும் வட்டம், கெட்டித் தரையில் ஒரு முறை, மென்தரையில் ஒரு முறை. வட்டத்தில் உட்புறக் கால்களுக்குச் சுமை வேறு விதமாக விழுவதால் நேர்கோட்டில் ஒளிந்திருந்த நொண்டல் வெளியே வரும். குளம்பு நோவும் பல மூட்டு நோவுகளும் கெட்டித் தரையில் கூடுகின்றன. தசைநார் நோவு பெரும்பாலும் மென்தரையில், அந்தக் கால் வட்டத்தின் வெளிப்புறம் இருக்கும்போது கூடுகிறது. இதற்கு விலக்கு நிறைய உண்டு என்றாலும் தேடும் திசையைச் சொல்ல இது உதவும். இரண்டு முன்காலும் சமமாக நொந்தால் தலையசைவே இருக்காது, அடிகள் மட்டும் குறுகித் தத்தித் தத்தி விழும். அப்படிப்பட்ட குதிரையைத் தோள் இறுக்கம் என்று சொல்லி மாதக்கணக்கில் தோளை நீவிக்கொண்டிருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். முன்கால் நொண்டலில் பெரும்பகுதி குளம்புக்குள்ளேயே தொடங்குகிறது, தோளில் தொடங்குவது அரிது.

மூட்டை ஏறக்குறைய ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்துவிட்டு உடனே ட்ராட்டில் ஓடவிடும் சோதனையும் நடக்கும். அதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதக் கூடாது. நன்றாக ஓடும் குதிரைகளும் அதற்குப் பின் இரண்டு மூன்று அடி நொண்டுவது உண்டு, ஒரு மூட்டை மட்டும் தனியே மடக்குவதும் பின்காலில் இயலாது. முடிந்தால் நீங்கள் சொல்லும் கோளாறு எந்தச் சூழலில் வருகிறதோ அதே சூழலில், ஆள் ஏறிய நிலையிலும் மருத்துவர் பார்க்க வேண்டும். கையில் பிடித்து ஓட்டும்போது குறையே தெரியாமல், ஏறியவுடன் மட்டும் குறை தெரியும் குதிரைகள் பல.

இவ்வளவும் சந்தேகத்தைக் குறுக்குகின்றன. இடத்தை உறுதி செய்வது நரம்பு மரப்பு ஊசிதான். காலின் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி, ஒவ்வொரு மட்டத்திலும் நரம்பருகே மருந்து செலுத்தி, சில நிமிடம் காத்திருந்து, குதிரையை மீண்டும் ஓட்டிப் பார்ப்பார்கள். எந்த மட்டத்தில் நொண்டல் மறைகிறதோ அதற்கும் முந்தைய மட்டத்துக்கும் இடையில்தான் நோவு இருக்கிறது. பின்காலானால் குளம்பும் கணுவும் கழிந்த பின், பின்காலின் நடுவில் மடங்கும் ஹாக் மூட்டுக்குச் சற்றுக் கீழே தாங்கு தசைநார் தொடங்கும் இடம், பிறகு ஹாக் மூட்டின் கீழ் அடுக்குகள், பிறகு நம் முழங்காலுக்கு ஒப்பான ஸ்டைஃபில் மூட்டு, கடைசியில் இடுப்பு என்று மேலே போவார்கள். உங்கள் குதிரையின் வயதையும் வேலையையும் பார்த்தால், அந்தத் தசைநாரின் தொடக்கமும் ஹாக்கின் கீழ் மூட்டுகளின் தேய்மானமும்தான் என் பட்டியலில் முதலில் நிற்கின்றன. அவை இரண்டும் அருகருகே இருப்பதால் ஒன்றுக்குப் போட்ட மருந்து மற்றதற்கும் கசிந்து ஏமாற்றலாம். அதைப் பிரித்தறியத்தான் அனுபவம் வேண்டும். வலது காலை மரக்கச் செய்ததும் குதிரை திடீரென இடது காலில் நொண்டத் தொடங்கினால் அதிர்ச்சியடைய வேண்டாம். இரு காலிலும் நோவு இருந்து, கூடுதலாக நொந்த கால் மற்றதை மறைத்திருந்தது என்பதே பொருள். எலும்பு முறிவோ விரிசலோ இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் இந்த ஊசி போடக் கூடாது. நோவு தெரியாமல் குதிரை முழுப் பாரத்தையும் வைத்தால் விரிசல் முறிவாகிவிடும்.

இடம் தெரிந்த பிறகு அந்த இடத்தை மட்டும் படமெடுப்பது எளிது: எலும்புக்கு எக்ஸ்ரே, தசைநாருக்கு அல்ட்ராசவுண்ட், இரண்டும் கைவிட்டால் அல்லது குளம்புக்குள் உள்ள மென்திசுவைப் பார்க்க வேண்டுமானால் எம்.ஆர்.ஐ. வரிசையை மாற்றி உடல் முழுவதும் எக்ஸ்ரே எடுத்தால், ஒன்பது வயதுக் குதிரையில் எங்காவது ஏதாவது ஒன்று தெரியத்தான் செய்யும். தெரிந்ததையெல்லாம் காரணம் என்று எடுத்துக்கொண்டால் மருத்துவம் முடிவில்லாமல் போகும்.

நொண்டல் போலத் தோன்றி நொண்டல் அல்லாதவை சில உண்டு. அவற்றில் நரம்புக் கோளாறுதான் அச்சத்துக்குரியது. உங்கள் குதிரை இடறுவதால் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். நோவால் வரும் நொண்டல் ஒவ்வோர் அடியிலும் ஒரே மாதிரித் திரும்ப வரும். கழுத்துத் தண்டுவடம் நசுங்குவதால் வரும் தள்ளாட்டம் அடிக்கு அடி மாறும். குதிரையைச் சிறு வட்டத்தில் திருப்பும்போது வெளிப்புறப் பின்கால் அளவுக்கு மீறி வெளியே சுழன்று விழுகிறதா, நடந்துகொண்டிருக்கையில் வாலைப் பக்கவாட்டில் இழுத்தால் எதிர்த்து நிற்காமல் எளிதில் சாய்கிறதா, குளம்பின் முனை தரையில் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். முனைத் தேய்வு பின்கால் நோவிலும் வரும் என்பதால் அதை மட்டும் கொண்டு முடிவெடுக்க இயலாது. தள்ளாட்டம் என்று தெரிந்த குதிரை கீழே விழுந்து ஆளையும் நசுக்கலாம். அதன்மேல் யாரும் ஏறக் கூடாது.

தசை நோய்களும் உண்டு: வேலைக்குப் பின் விறைத்து வியர்த்து நிற்கும் குதிரைக்கு இரத்தத்தில் தசை நொதிகளின் அளவைப் பார்ப்பார்கள். சில இனங்களில் தசையில் சர்க்கரை சேர்ந்து கெடும் பரம்பரை நோய் உண்டு, அதன் ஒரு வகையை மரபணுச் சோதனையால் அறியலாம். பின்கால் திடீரென நீண்டு பூட்டிக்கொள்வது போல நின்றால் அது ஸ்டைஃபில் மூட்டின் சில்லு சிக்கிக்கொள்வது. இளங்குதிரைகளிலும் தசை வளம் குன்றியவற்றிலும் அதிகம் காணப்படும். வயிற்றுவாரை இறுக்கும்போது கடிக்க வந்தால் இரைப்பைப் புண்ணையும், ஒரு பக்கக் கடிவாளத்தை மட்டும் எதிர்த்தால் பற்களின் கூர்முனைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். இவை நடையைக் கெடுக்கும். ஆனால் சேணத்தை வலப்பக்கம் சரிப்பதையும் இடக்கைப்புறக் கேன்டர் மட்டும் கெடுவதையும் இவற்றால் எளிதில் விளக்க முடியாது.

லாடமும் சேணமும் பொருட்டல்ல என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். குளம்பின் முனை நீண்டு குதி தாழ்ந்திருந்தால் கால் தரையை விட்டு எழும் கணம் தாமதமாகி இடறல் கூடும். முன்கால் இடறலில் லாடக்காரரின் பேச்சு பாதி சரியாகவே இருக்கலாம். ஆறு வாரத்துக்கு ஒரு முறையாவது குளம்பு சீர்செய்யப்படுகிறதா என்று பாருங்கள். சேணத்தின் உள்மரம் குறுகலாக இருந்தாலோ நடுவில் பாலம்போலத் தூக்கி நின்றாலோ முதுகு நோகும். வியர்த்த முதுகில் சேணத்தடியில் வறண்ட திட்டுகள் இருப்பதும், பழைய அழுத்தத்தால் வெண்மயிர் முளைத்திருப்பதும் அதற்கு அடையாளங்கள். ஆனால் இவற்றை ஒரே வாரத்தில் எல்லாம் மாற்றாதீர்கள். லாடம், சேணம், தீவனம், பயிற்சி, ஊசி என ஐந்தையும் ஒருசேர மாற்றினால், குதிரை தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது. தேறாவிட்டால் எதை விலக்கலாம் என்றும் தெரியாது. பின்காலின் நோவு தீர்ந்து முதுகுத் தசை மீண்டும் வளரும்போது முதுகின் வடிவமே மாறும் என்பதால், புதுச் சேணத்தை அதற்குப் பிறகு பொருத்துவதே சிக்கனம்.

சிலர் நோவடக்கி மருந்து கொடுத்துப் பாருங்கள், சரியானால் நோவு, இல்லாவிட்டால் பிடிவாதம் என்பார்கள். ஃபீனைல்பியூட்டசோன் கொடுத்து நடை திருந்தினால் நோவு இருந்தது என்று சொல்லலாம்; திருந்தாவிட்டால் நோவு இல்லை என்று சொல்ல முடியாது, ஏனெனில் அந்த மருந்துக்கு அசையாத நோவுகள் பல உண்டு. நீடித்துக் கொடுத்தால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடும். மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். பரிசோதனைக்கு முன் அதை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், மருந்து உடலில் இருக்கும்போது பார்த்தால் நொண்டல் ஒளிந்துகொள்ளும்.

இதற்கெல்லாம் முன்பதிவு செய்து காத்திருக்கலாம். ஆனால் குதிரை ஒரு காலைத் தரையில் ஊன்றவே மறுத்தாலோ, மூட்டருகே சிறு காயமாயினும் ஏற்பட்டாலோ, முன்குளம்புகள் சூடேறிக் குதிரை உடலைப் பின்னுக்குச் சாய்த்து நின்றாலோ, தள்ளாட்டம் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவரை வரவழையுங்கள்.

போகும்போது முதுகு எக்ஸ்ரே படங்களையும், ஊசி போட்ட தேதியையும் மருந்தின் பெயரையும், கடைசியாக லாடம் அடித்த நாளையும், கோளாறு முதலில் தெரிந்த வாரத்தில் வேலையில் என்ன மாறியது என்ற குறிப்பையும், மேலே சொன்ன பதிவுகளையும் கொண்டு செல்லுங்கள். உங்கள் சேணத்தையும் எடுத்துச் செல்லுங்கள், ஏறி ஓட்டிப் பார்க்கும்போது அது தேவைப்படும். மரப்பு ஊசிக்குப் பின் சேணம் நேராக நிற்கிறதா என்பதையும் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை குதிரைமேல் ஏற வேண்டாம். தினமும் கையில் பிடித்துச் சமதரையில் நடத்திச் சென்றால் போதும்.